டவுன் என்ற சொல்லின் வேரைத் தேடிப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஆங்கிலத்தில் டவுன் என்றால் ஊர். ஜெர்மனில் ட்ஸவுன் என்றால் வேலி. டச்சு மொழியில் டொய்ன் என்றால் தோட்டம். ஐஸ்லாந்தில் டூன் என்றால் பண்ணை வீட்டைச் சுற்றி எரு போட்டு வளர்க்கிற வைக்கோல் புல்வெளி. நாலும் ஒரே சொல். ஜெர்மன் படிக்கத் தொடங்கிய நாட்களில் இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஏனென்றால் ஒலி ஒத்துப்போகிற சொற்களையெல்லாம் ஒன்றாக்கிவிடும் விளையாட்டை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தேன். அந்தப் படிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்த ஒரு சொல்லை எடுத்து நீங்களே கடைசி வரை செய்து பார்த்துவிட்டால், வேறு எந்த மூல ஜெர்மானியச் சொல்லையும் இதே வழியில் பின்தொடரலாம்.

மூல ஜெர்மானியம் என்பது ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, ஸ்வீடிஷ், ஐஸ்லாண்டிக் போன்றவற்றின் பொதுத் தாய். கி.மு. முதலாயிரத்தின் பிற்பகுதியில் தெற்கு ஸ்காண்டிநேவியாவிலும் வட ஜெர்மனியிலும் பேசப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதில் எழுதிய ஏடு ஒன்றும் இல்லை. மகள் மொழிகளை ஒப்பிட்டு நாம் மீட்டெடுக்கும் வடிவம்தான் இருக்கிறது, அதனால்தான் அந்தச் சொற்களுக்கு முன்னால் உடுக்குறி போடுகிறார்கள். அந்த நட்சத்திரம் "இதை யாரும் எழுதிவைக்கவில்லை, கணக்குப் போட்டுப் பெற்றது" என்று சொல்கிறது. அதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

முதலில் எழுத்தைச் சரிசெய்து கொள்ளுங்கள்

தமிழ் எழுத்தில் இந்த வேலையைச் செய்யும்போது ஒரு சிக்கல் வரும். "டீ குடித்தேன்" என்பதில் வரும் ட வேறு, "டப்பா" என்பதில் வரும் ட வேறு. இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. சுலோகப் புத்தகங்களில் க², க³ என்று எண் போட்டு அச்சிடுவார்களே, அதே ஏற்பாட்டை வைத்துக்கொள்வோம்: டீயில் வருவது வெறும் ட, டப்பாவில் வருவது ட³. தேவைப்படும் இடத்தில் மட்டும் எண் போடுகிறேன்.

நாம் தேடும் மூல வடிவத்தை *டூனம் என்று எழுதப் போகிறேன். கடைசியில் இருக்கும் ம் முழு மெய் அல்ல, மூக்கால் ஒலிக்கும் ஓர் அகரம். பேச்சில் "மரம்" என்று சொல்லும்போது கடைசி ம் கரைந்து மூக்கொலியாகப் போகிறதல்லவா, அதைப் போன்றது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சான்றுகளைச் சேர்ப்பது

இன்றைய மொழிகளை ஒப்பிடத் தொடங்காதீர்கள். இன்றைய சொற்கள் ஆயிரம் ஆண்டு தேய்மானத்துக்குப் பிறகு நம் கைக்கு வந்தவை. ஒவ்வொரு மொழியிலும் கிடைக்கும் மிகப் பழைய வடிவம் என்ன, எங்கே, எந்தப் பொருளில் வருகிறது என்று பாருங்கள்.

ஜெர்மானிய மொழிகளில் மூன்று கிளைகள் உண்டு. கிழக்குக் கிளையில் நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் கோத்திக், அதிலும் 4ஆம் நூற்றாண்டில் பேராயர் வுல்ஃபிலா செய்த பைபிள் மொழிபெயர்ப்பின் பகுதிகள். அதன் பெயர்பெற்ற பிரதி, ஊதா நிறத் தோலில் வெள்ளி எழுத்தில் எழுதியது, ஸ்வீடனின் உப்சாலாவில் இருக்கிறது. வடக்குக் கிளைக்குப் பழைய நோர்ஸ், அதாவது ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழி. மேற்குக் கிளைக்குப் பழைய ஆங்கிலம், பழைய உயர் ஜெர்மன், பழைய சாக்ஸன், பழைய ஃபிரிசியன்.

பழைய ஆங்கிலத்தில் நம் சொல் டூன். கென்ட் நாட்டு அரசன் ஏதெல்பெர்ட் ஏறத்தாழ கி.பி. 600இல் வகுத்த சட்டங்கள்தான் ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய சட்டத் தொகுப்பு, நம் கையில் இருப்பது 12ஆம் நூற்றாண்டுப் பிரதி. அதில் "அரசனுடைய டூனுக்குள் ஒருவனைக் கொன்றால் 50 ஷில்லிங் தண்டம்" என்று வருகிறது. இன்னொரு விதி, அடுத்தவன் டூனுக்குள் முதல் ஆளாகப் பாய்ந்து நுழைபவனுக்கு 6 ஷில்லிங் தண்டம் என்கிறது. ஊருக்குள் நுழைந்ததற்கா தண்டம்? இல்லை. அந்த டூன் ஒருவருடைய வளாகம், எல்லை கட்டிய இடம்.

பழைய நோர்ஸிலும் டூன். உலகத் தோற்றத்தைப் பாடும் வோலுஸ்பா என்ற பழம்பாடலில் தேவர்கள் டூனில் உட்கார்ந்து காய் நகர்த்தி விளையாடுகிறார்கள், அங்கே அது வீட்டு முற்றம். பழைய உயர் ஜெர்மனில் ட்ஸூன், பொருள் வேலி. பழைய சாக்ஸனிலும் பழைய ஃபிரிசியனிலும் டூன்.

கோத்திக்கில்? இல்லை. இந்த இடத்தில் நிறையப் பேர் தடுமாறுவார்கள், அதனால் கொஞ்சம் நிற்போம். ஒரு மொழியில் சொல் கிடைக்கவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: அந்த மொழியில் சொல்லே இல்லை, அல்லது சொல் இருந்தது, மிஞ்சிய பக்கங்களில் அது வரவில்லை. எது என்று ஓரளவு சோதிக்க வழி உண்டு. வேலி என்று சொல்லியே ஆகவேண்டிய வசனம் எது? மாற்கு 12:1. தமிழ் பைபிளில் "திராட்சத்தோட்டத்தை உண்டாக்கி, அதைச் சுற்றிலும் வேலியடைத்து" என்று வருமே, அந்த இடம். கோத்திக்கில் அங்கே ஃபதா என்ற முற்றிலும் வேறு சொல் நிற்கிறது. ஆக, கோத்திக்காரர்கள் வேலிக்கு வேறு சொல் வைத்திருந்தார்கள் என்று உறுதியாகச் சொல்லலாம். *டூனம் அவர்களிடம் அறவே கிடையாது என்று மட்டும் சொல்லக்கூடாது, ஏனென்றால் முற்றம் என்ற பொருளில் அது இருந்திருக்கலாம். உங்கள் குறிப்பில் "கோத்திக்: சான்று இல்லை, வேலிக்கு வேறு சொல்" என்று எழுதி வைத்துக்கொண்டு நகருங்கள்.

இவற்றையெல்லாம் தேட இணையத்தில் வசதி இருக்கிறது. பழைய ஆங்கிலத்துக்கு போஸ்வொர்த்–டாலர் அகராதி, ஜெர்மனுக்கு கிரிம் சகோதரர்கள் தொடங்கிய பேரகராதி (முதல் தொகுதி 1854இல் வந்தது, வேலை முடிந்தபோது ஒரு நூற்றாண்டு தாண்டிவிட்டது). விக்சனரியில் மூல வடிவங்களுக்கே தனிப் பக்கங்கள் உண்டு. அதைப் பாருங்கள், ஆனால் கடைசியாகப் பாருங்கள். விடையை முதலில் பார்த்துவிட்டால் சான்றுகளை நீங்கள் கவனிக்க மாட்டீர்கள்.

ஒலி வரிசை: இதுதான் உயிர்நாடி

பால்–ஹாலு, பத்து–ஹத்து, புலி–ஹுலி. தமிழில் சொல் முதலில் ப வரும் இடத்தில் கன்னடத்தில் ஹ வருகிறது. ஒரு சொல்லில் மட்டும் வந்தால் தற்செயல், வரிசையாக வந்தால் உறவு. ஜெர்மானியத்திலும் இதே வேலைதான்.

நம் சொல்லில் மூன்று ஒலிகள்: ட, ஊ, ன். முதலில் ட. ஆங்கிலத்தில் ட இருக்கும் இடத்தில் ஜெர்மனில் ட்ஸ வருகிறதா என்று வேறு சொற்களில் பாருங்கள். பத்துக்கு டென்–ட்ஸேன். நாக்குக்கு டங்–ட்ஸுங்க. பல்லுக்கு டூத்–ட்ஸான். பழக்கிய விலங்கைச் சொல்லும் டேம்–ட்ஸாம். வரிசை நிற்கிறது. சரி, இதில் எது பழையது? நோர்ஸ், ஆங்கிலம், சாக்ஸன், ஃபிரிசியன் எல்லாம் ட வைத்திருக்க, தெற்கே உயர் ஜெர்மன் மட்டும் ட்ஸ சொல்கிறது. ஏறத்தாழ 6 முதல் 8ஆம் நூற்றாண்டு வரை அந்தப் பகுதியில் நடந்த ஒரு பெரிய மெய்யொலி மாற்றத்தின் விளைவு அது. மூலத்துக்கு ட என்று எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து ஊ. வீட்டுக்கு ஆங்கிலத்தில் ஹவுஸ், ஜெர்மனில் ஹவுஸ், டச்சில் ஹொய்ஸ், ஐஸ்லாண்டிக்கில் ஹூஸ். எலிக்கு மவுஸ், மவுஸ், மொய்ஸ், மூஸ். "வெளியே" என்பதற்கு அவுட், அவுஸ், ஒய்ட், ஊட். இப்போது டவுன், ட்ஸவுன், டொய்ன், டூன் என்ற நாலையும் அதற்குக் கீழே எழுதிப் பாருங்கள். கட்டம் கட்டமாகப் பொருந்துகிறது. எனக்கு நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான். டச்சு ஒலியைத் தமிழில் துல்லியமாக எழுத முடியாது, ஒய் என்பது தோராயம், ஆனால் எந்த ஒலியாக இருந்தாலும் அது அந்தச் சொற்கள் எல்லாவற்றிலும் ஒன்றாகவே வருகிறது என்பதுதான் முக்கியம்.

இந்த வரிசையில் பழையது ஊ. நம் விநாயகரின் மூஷிக வாகனத்தை நினைத்துப் பாருங்கள்: சமஸ்கிருத மூஷிகத்தில் இருக்கும் அந்த மூ, லத்தீன் மூஸ், ஐஸ்லாண்டிக் மூஸ் எல்லாவற்றிலும் அப்படியே நிற்கிறது.

ஒரு எச்சரிக்கை. டவுன், ட்ஸவுன் இரண்டிலும் இன்று அவு ஒலி கேட்கிறதே, அதை உறவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மனில் ஊ என்பது அவு ஆகத் தொடங்கியது தென்கிழக்கு மூலையில், 12ஆம் நூற்றாண்டு வாக்கில். ஆங்கிலத்தில் அது 15ஆம் நூற்றாண்டை ஒட்டித் தொடங்கிய பெரிய உயிரொலிப் பெயர்ச்சியின் பகுதி. இரண்டும் தனித்தனியாக நடந்தவை. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் வடகிழக்கிலும் இன்றைக்கும் "டூன்" என்றுதான் சொல்கிறார்கள், நியூகாசில் கால்பந்து ரசிகர்கள் தங்களை டூன் ஆர்மி என்று அழைத்துக்கொள்வது அதனால்தான். பத்து நூற்றாண்டுக்கு முந்தைய உயிரொலி ஒரு விளையாட்டரங்கில் இன்றும் கேட்கிறது!

ன் பற்றி ஒன்றும் சொல்லவேண்டியதில்லை, எங்கும் மாறவில்லை.

விகுதியைக் கண்டுபிடிப்பது

டூன் வரை வந்துவிட்டோம். கடைசி அம் எங்கிருந்து வந்தது? எந்த மகள் மொழியிலும் அது இல்லையே என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி.

இங்கே பழைய நோர்ஸ் இலக்கணம் உதவுகிறது. அந்த மொழியில் ஆண்பால் பெயர்களுக்கு எழுவாயில் ஒரு ர் ஒட்டும், முன்னால் ன் இருந்தால் அந்த ர் தானும் ன் ஆகிவிடும். கல்லுக்கு ஸ்டெய்ன்ன் என்று இரட்டை ன் வருவது அப்படித்தான், அதன் மூல வடிவம் *ஸ்டைனஸ். நம் சொல் ஆண்பாலாக இருந்திருந்தால் டூன்ன் என்று வந்திருக்கவேண்டும். வரவில்லை, ஒற்றை ன்தான். ஆகவே நோர்ஸில் அது அஃறிணைப் பால் போன்ற மூன்றாம் பால். மூல ஜெர்மானியத்தில் அந்த வகைப் பெயர்களின் விகுதி மூக்கொலி அகரம்.

அந்த விகுதி வெறும் ஊகமா? டென்மார்க்கின் கல்லஹூஸ் என்ற இடத்தில் 1734இல் கிடைத்த பொற்கொம்பில், கி.பி. 400ஐ ஒட்டி, ரூன் என்ற பழைய ஜெர்மானிய எழுத்தில் பொறித்த ஒரு வரி இருந்தது. அதில் கொம்பு என்ற சொல் "ஹோர்ன" என்று அகரத்தோடு முடிகிறது. அதுவும் நம் சொல்லின் வகைதான். மூக்கொலி போய் அகரம் மட்டும் மிஞ்சிய நிலை அது. கொம்பு 1802இல் திருடப்பட்டு உருக்கப்பட்டுவிட்டது, வரைந்து வைத்த படங்கள் இருந்ததால் அந்த வரி தப்பித்தது. அந்த ஓர் அகரத்துக்காக மொழியியலாளர்கள் அந்தக் கொம்பை இன்றும் நினைக்கிறார்கள்.

ஆண்பால் விகுதிக்கு இன்னும் அழகான சான்று ஃபின்லாந்தில் இருக்கிறது. ஃபின்னிஷ் ஜெர்மானிய மொழியே அல்ல, ஆனால் பழங்காலத்தில் வாங்கிய கடன்சொற்களை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறது. அரசனுக்கு ஆங்கிலத்தில் கிங், ஜெர்மனில் கோனிக் என்று தேய்ந்துபோன சொல், ஃபின்னிஷில் இன்றும் குனிங்கஸ். மூல வடிவத்தின் அஸ் விகுதி முழுசாக நிற்கிறது.

ஜெர்மனிலும் பழைய ஆங்கிலத்திலும் நம் சொல் ஆண்பாலாக வருகிறது என்பதையும் மறைக்கக்கூடாது. மேற்கில் பால் மாறியதா, அல்லது மூலத்திலேயே இரண்டு வடிவம் இருந்ததா? இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். நான் அம் வடிவத்தைத் தலைச்சொல்லாக வைத்துப் பக்கத்தில் *டூனஸ் என்றும் குறித்துக்கொள்வேன்.

பொருள் எங்கே தொடங்கியது?

வேலி, முற்றம், தோட்டம், பண்ணை, ஊர். எது முதல்? பெரும்பான்மை பார்த்து முடிவு செய்யவேண்டாம். சொல்லின் கிளைச்சொற்களைப் பாருங்கள், பழமொழிகளைப் பாருங்கள், பழைய பொருள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஆங்கிலத்தில் டூன் என்ற பெயர் வேலி என்ற பொருளை இழந்துகொண்டிருந்தபோதும் அதிலிருந்து பிறந்த வினை இழக்கவில்லை. வெசெக்ஸ் அரசன் இனெ (ஆட்சி 688 முதல் 726 வரை) வகுத்த சட்டம் ஒன்று, குடியானவன் தன் மனையை மாரியிலும் கோடையிலும் வேலி அடைத்து வைத்திருக்கவேண்டும் என்கிறது. வேலி இல்லாமல் விட்டு, திறந்த வழியாகப் பக்கத்து வீட்டு மாடு உள்ளே வந்தால் அவனுக்கு ஒன்றும் கேட்க உரிமை இல்லையாம். அங்கே "வேலி அடைத்த" என்பதற்கு வரும் சொல் நம் டூனிலிருந்து பிறந்த வினையின் எச்சம். நம்மூர் கிராமப் பஞ்சாயத்தில் இன்றும் கேட்கக்கூடிய வழக்கு, அதில் ஒரு சொல்லின் மூலப்பொருள் பத்திரமாக இருக்கிறது.

டச்சில் இன்னும் நேரடி. இன்று டொய்ன் என்றால் தோட்டம் மட்டுமே. ஆனால் ஒருவரை ஏமாற்றுவதை "டொய்னைச் சுற்றி அழைத்துப் போவது" என்று சொல்வார்கள். தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவதில் என்ன ஏமாற்று? வேலிக்கு உள்ளே விடாமல் வெளியிலேயே சுற்ற வைப்பது என்று எடுத்துக்கொண்டால் புரிகிறது. இடைக்கால டச்சில் அந்தச் சொல்லுக்கு வேலி என்றே பொருள்.

ஆகவே வரிசை இப்படி: வேலி, பிறகு வேலிக்குள் இருக்கும் இடம், பிறகு அங்கே இருப்பது எதுவோ அது. டச்சுக்காரருக்கு உள்ளே செடி, ஐஸ்லாந்துக்காரருக்குப் புல், நார்வேயில் பண்ணைக் கட்டடங்களுக்கு நடுவே இருக்கும் முற்றம், ஆங்கிலேயருக்கு முதலில் பண்ணை, பிறகு பண்ணையைச் சுற்றி வளர்ந்த சிற்றூர், கடைசியில் நகரம். ஆங்கிலத்தில் பண்ணை என்ற பொருள் எவ்வளவு காலம் தங்கியது என்று பார்க்க மறுபடி பைபிளையே எடுக்கலாம். மத்தேயு 22:5இல் விருந்துக்கு அழைத்தவர்களில் "ஒருவன் தன் வயலுக்கும், ஒருவன் தன் வியாபாரத்துக்கும்" போய்விடுகிறான். 1611இல் வந்த ஆங்கில பைபிள் அங்கே ஃபார்ம் என்கிறது. விக்ளிஃப் பெயரில் வழங்கும் 14ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்போ "தன் டவுனுக்கு" போனான் என்கிறது. அந்த டவுன் ஒரு வயல்.

இப்படி வேலி ஊராக மாறுவது நடக்கக்கூடியதுதானா என்ற சந்தேகம் தமிழருக்கு வரவே கூடாது. நமக்கு வேலி என்றால் அடைப்பு, நிலம், வயல், தஞ்சைப் பக்கம் 20 மா கொண்ட நில அளவு. நெய்வேலி, திருநெல்வேலி என்று ஊர்ப் பெயரிலும் நிற்கிறது. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியை "திருநெல்வேலி டவுன்" என்கிறோம். முதல் சொல்லின் முடிவிலும் வேலி, இரண்டாவது சொல்லின் அடியிலும் வேலி, ஒன்று தமிழ், இன்னொன்று வட ஐரோப்பா. இதை உறவு என்று யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். இரண்டு மக்கள் தனித்தனியாக ஒரே பாதையில் நடந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பொருள் ஒற்றுமை "இப்படி நடக்க முடியும்" என்பதைக் காட்டும். உறவு என்று நிரூபிப்பது ஒலி வரிசை மட்டுமே.

ஜெர்மானியத்துக்கு மேலே: கெல்டிக் கேள்வி

இது கொஞ்சம் கடினமான பகுதி, ஆனால் மிக ருசியான பகுதியும் இதுதான்.

கெல்டிக் என்பது ஐரிஷும் பழைய கவுல் மொழியும் சேர்ந்த குடும்பம். பழைய ஐரிஷில் டூ³ன் என்றால் கோட்டை. பழைய கவுல் நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸில், டூ³னோன். ரோமானியர் அதை டூ³னும் என்று எழுதினார்கள்: இன்றைய லியோன் நகரம் அன்று லுக்டூ³னும், முதல் உலகப் போரில் பேர் அடிபட்ட வெர்டூ³ன் அன்று விரோடூ³னும். பொருளும் அடைப்புள்ள இடம், ஒலியும் நெருக்கம், ஒரே வித்தியாசம் அங்கே ட³, இங்கே ட.

அந்த வித்தியாசம் எதிர்பார்த்ததுதான். 1818இல் டென்மார்க் மொழியியலாளர் ராஸ்க் கவனித்து, 1822இல் யாக்கோப் கிரிம் ஒழுங்காக வகுத்த விதிப்படி, பழைய இந்தோ-ஐரோப்பிய (சமஸ்கிருதம், லத்தீன், கெல்டிக், ஜெர்மானியம் எல்லாவற்றுக்கும் பொது மூலமான மொழியின்) ட³ ஜெர்மானியத்தில் ட ஆகும். சமஸ்கிருதம் கலந்த தமிழிலேயே சோதிக்கலாம்: தசாவதாரத்தின் தச, ஆங்கிலத்தில் டென். யானைத் தந்தத்தின் தந்த, ஆங்கிலத்தில் டூத். அங்கே ட³ போல் அதிர்வொலி, இங்கே ட போல் அதிர்வில்லாத ஒலி.

அப்படியானால் கெல்டிக்கும் ஜெர்மானியமும் ஒரே பாட்டியிடமிருந்து தனித்தனியாகப் பெற்றனவா, அல்லது கெல்டிக்கிடமிருந்து ஜெர்மானியர் கடன் வாங்கி, பிறகு கிரிம் விதி அந்தக் கடன்சொல்லையும் மாற்றியதா? இதை முடிவு செய்ய ஒலி போதவில்லை, ஏனென்றால் இரண்டு வழியிலும் *டூனம் என்றுதான் வரும். ஆனால் ஒரு துப்பு உண்டு. கெல்டிக்கில் பழைய ட³ ஒலியும், அதன் மூச்சொலி இணையான ட⁴ ஒலியும் கலந்து ஒன்றாகிவிட்டன. கெல்டிக் சொல் ட⁴விலிருந்து வந்தது என்று சிலர் காட்டுகிறார்கள். அது சரியென்றால், ஜெர்மானியம் நேரடியாகப் பெற்றிருந்தால் ட³ என்று வந்திருக்கும், ட என்று வந்திருக்காது. அப்போது கடன் என்பதே வழி.

கடன் வாங்கும் அளவுக்கு இருவருக்கும் பழக்கம் இருந்ததா என்றால், இருந்தது, அதற்கு உறுதியான சான்று வேறொரு சொல்லில் கிடைக்கிறது. நம் ராஜாவின் இனச்சொல், அதாவது ஒரே மூலத்திலிருந்து பிறந்த உறவுச்சொல், லத்தீனில் ரேக்ஸ். அந்த நெடில் ஏ, ஈ ஆவது கெல்டிக்கின் தனி அடையாளம். சீசரை எதிர்த்த கவுல் தலைவன் வெர்கிங்கெட்டோரிக்ஸ் பெயரின் முடிவில் இருப்பது அதுதான். ஜெர்மானியத்தில் இதே சொல் ரீக் என்று ஈகாரத்தோடு வருகிறது (ஆங்கில ரிச் அதிலிருந்து வந்தது). ஜெர்மானியத்தின் சொந்த விதிப்படி அங்கே ஈ வரவே வராது. கெல்டிக்கிடமிருந்து வந்தது என்பதற்கு அந்த உயிரொலி முத்திரை போட்டு நிற்கிறது. நம் சொல்லில் அப்படி ஒரு முத்திரை இல்லை. என் மனம் கடன் பக்கம் சாய்கிறது. ஆனாலும் குறிப்பில் "கெல்டிக்: கடன் அல்லது இனச்சொல்" என்றே எழுதியிருக்கிறேன், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

பக்கவாட்டில் போன கடன்

பழைய ஸ்லாவிக்கில் டினு என்றால் வேலி, மதில். ரஷ்ய மொழியில் டின், மரக்கம்பு நட்டு அடைத்த வேலி. செக் நாட்டில் டீன் என்ற ஊர்ப் பெயர்கள் உண்டு, பிராகா நகரின் பழைய சதுக்கத்தில் இரட்டைக் கோபுரத்தோடு நிற்கும் டீன் தேவாலயத்தின் பெயரும் அதுதான், அதன் பின்னால் இருந்த அடைப்பு முற்றத்தால் வந்தது.

இது இனச்சொல்லா கடன்சொல்லா? இங்கே ஒலி தெளிவாகப் பேசுகிறது. ஸ்லாவிக்கில் பழைய ட³ மாறாமல் ட³ ஆகவே நிற்கும், பத்துக்கு அவர்கள் சொல் டெ³ என்றுதான் தொடங்குகிறது. மூலத்திலிருந்து நேரே வந்திருந்தால் டி³னு என்று இருக்கவேண்டும். ட என்று இருப்பதால், கிரிம் விதி வேலை செய்து முடித்த பிறகு ஜெர்மானியர் வாயிலிருந்து வந்தது. உயிரொலியும் சரியா என்று பார்க்க மூஷிகம் மறுபடி உதவும்: எலி ரஷ்ய மொழியில் மிஷ், பழைய ஊ அங்கே இகரம் போன்ற ஒலியாகிவிட்டது. மூ–மி, டூ–டி. கணக்குச் சரி.

ஊர்ப் பெயர்களில் இறங்கும்போது

டன் என்று முடியும் ஆங்கில ஊர்ப் பெயர்களில் பெரும்பாலானவற்றில் நம் சொல் இருக்கிறது. பிரெஸ்டன் பாதிரிமார் பண்ணை. நார்ட்டன் வடக்குப் பண்ணை, சட்டன் தெற்குப் பண்ணை. எவர்ட்டன் காட்டுப்பன்றிப் பண்ணை. நியூட்டன் புதுப்பண்ணை, அப்புறம் அது குடும்பப் பெயராகி இயற்பியலுக்குள் போய்விட்டது. நீலகிரியில் குன்னூர் பக்கத்து வெலிங்டன், பிரபுவின் பட்டப்பெயர் வழியாக சோமர்செட் மாவட்டத்து ஊரிலிருந்து வந்தது. அமெரிக்கத் தலைநகரின் பெயரில் இருப்பது வட இங்கிலாந்தின் வாஷிங்டன் என்ற ஊர், நம் கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தரின் பெயரிலும் அந்த வேலி இருக்கிறது. ஸ்வீடனில் சிக்டுனா, எஸ்கில்ஸ்டுனா.

ஆனால் முடிவெழுத்தை மட்டும் பார்த்து எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு ஊருக்கும் பழைய வடிவத்தைத் தேடுங்கள். பிரைட்டனை எடுத்தால், 1086இல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக் கணக்கெடுப்பில் பிரிஸ்டெல்மெஸ்டூனெ என்று இருக்கிறது, பெயோர்ட்ஹெல்ம் என்பவரின் டூன். ஆகவே அது சரி. ஸ்விண்டன் வேறு, அதன் கடைசியில் இருப்பது பழைய ஆங்கில டூ³ன், அதாவது மேடு. பன்றி மேடு. லண்டன் இரண்டுமே அல்ல, ஆங்கிலேயர் வருவதற்கு முன்பே ரோமானியர் அதை லோண்டினியும் என்று எழுதிவிட்டார்கள். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகமே வராது, பார்ட்டன் என்ற பெயரில் இங்கிலாந்தில் வாற்கோதுமைப் பண்ணைகள் ஏராளம். ஆனால் அது கேலிக் மொழியில் "பிரித்தானியரின் கோட்டை", கடைசி டன் நம் சொல் அல்லவே அல்ல. முதலில் இருக்கும் டம் தான் கெல்டிக் டூ³ன். உறவு இருக்கிறது, ஆனால் சொல்லின் மறுமுனையில்!

மரத்தை வரைவது

ஒரு பெரிய தாள் எடுங்கள். மேலே *டூனம். கீழே நேர்கோட்டில் மகள் சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பழைய வடிவம், இன்றைய வடிவம், பொருள். கடன்சொற்களுக்குப் புள்ளிக்கோடும் அம்பும். ஸ்லாவிக்குக்கு ஒரு அம்பு வெளியே போகும், கெல்டிக்கிலிருந்து கேள்விக்குறியோடு ஒன்று உள்ளே வரும். தமிழ் டவுனுக்கும் ஒரு புள்ளிக்கோடு போடுங்கள், டவுன் பஸ்ஸும் மதுரை டவுன் ஹால் ரோடும் அதன் கீழே வரும்.

இது முடிந்ததும் அடுத்து *க³ர்த³ஸ் என்ற சொல்லை எடுங்கள். ஆங்கில யார்டு, நோர்ஸ் கார்தர் எல்லாம் அதன் பிள்ளைகள், இதுவும் அடைப்புதான், கோத்திக்கில் வீடு என்ற பொருளில் கிடைக்கிறது. ரஷ்யாவில் கோரோட் என்றால் நகரம், லெனின்கிராடு போன்ற பெயர்களின் முடிவு அதன் உறவு. லத்தீனில் ஹோர்டுஸ் என்றால் தோட்டம். ரஷ்யச் சொல்லின் கடைசி மெய் அதிர்வொலி, லத்தீன் சொல்லின் வேரில் கடைசி மெய் அதிர்வில்லாத ஒலி, ஜெர்மானிய வடிவமோ இரண்டில் எதிலிருந்தும் விதிப்படி வந்திருக்க முடியும். டினு விஷயத்தில் தீர்ப்புச் சொன்ன சோதனை இங்கே வேலை செய்யாது. அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.